குதிரை ஆடுற கித்தார்

பயப்பிடாதேங்கோ மஹ்மூத் நானா, சாமான் வீட்டிலை பத்திரமாக் கிடக்கு. கையை வீசிக்கொண்டு வாறான் எண்டவுடனை உங்கடை முகம் ஏன் இப்பிடிப் போகுது? கித்தாரும் கிடக்கு, அதின்ரை சத்தத்தைப் பெருப்பிக்கிற சத்தப்பெட்டியும் கிடக்கு, கறண்டைப் பாதியாக்கிற அந்தக் கறுத்தப் பெட்டியும் கிடக்கு. ஒரு கீறலும் இல்லை. இருங்கோ, நானும் இருக்கிறன். இந்தக் கதிரையும், கித்தார் மாதிரி, அந்த வத்தேகமத் தோட்டத்துத் துரையின்ரை பங்களாவிலை இருந்து வந்ததுதானோ? அந்தாள் போட்டிருந்த காற்சட்டையைத் தவிர மிச்சம் எல்லாத்தையும் உங்களுக்கு வித்துப்போட்டுத்தான் சீமைக்குக் கப்பலேறினவர் போலை.

ஓமோம், விளங்குது. ஜும்மாவுக்குக் கடையைப் பூட்டோணும். அதுக்கு முதல் நான் வேணும் எண்டோ வேண்டாம் எண்டோ ஒரு சொல்லுச் சொல்லோணும். நாவலப்பிட்டிக் கிளப்பிலை வாசிக்கிற பறங்கிக்காரர் மத்தியான ரெயினிலை வாறார், நான் வேண்டாமெண்டால் அவருக்குப் போகும். எல்லாம் ஞாபகம் இருக்கு. ஒரு சொல்லுத்தானே, சொல்லுறன். ஆனா அந்த ஒரு சொல்லுக்கு முன்னாலை கொஞ்சம் கதை கிடக்கு.

சிரிக்காதேங்கோ. நான் தந்திக் கந்தோரிலை இருக்கிறவன். நாள் முழுக்க மற்றவையின்ரை சொல்லை எண்ணுறன், இது கூடிப்போச்சு, இதை வெட்டுங்கோ எண்டு சொல்லிச் சொல்லி டொக்கு டொக்கெண்டு அடிக்கிறன். அங்கை மிச்சம் பிடிச்ச சொல்லெல்லாத்தையும் வெளியிலை ஆர் ஆப்பிட்டாலும் அவையின்ரை தலையிலை கொட்டிப்போடுவன். அம்பிகைபாகன் வாறான் எண்டால் ஆக்கள் றோட்டுக்கு மற்றப்பக்கம் மாறுறவை, எனக்குத் தெரியாது எண்டு நினைக்கிறியளோ? நீங்கள் கடையை விட்டிட்டு ஓடேலாது, அதாலை ஆப்பிட்டுப் போனியள்.

உள்ளதைச் சொன்னால், நான் உங்கடை கடையிலை ஆசைப்பட்டது கித்தாருக்கு இல்லை. அதின்ரை வால்ப்பக்கத்திலை ஒரு இரும்புப் பிடி நீட்டிக்கொண்டு நிக்குதெல்லோ, அதுக்குத்தான். நீங்கள்தானே அமத்திக் காட்டினனீங்கள். பிடியை அமத்தினால் தந்தியளைத் தாங்குற குதிரை அசையுது, குதிரை அசைய தந்தி தளர்ந்து தளர்ந்து இறுகுது, சத்தம் அலையலையா ஆடுது. அதைக் கேட்டவுடனை எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. வெள்ளைக்காரன் எங்களுக்கெண்டு கமகம் செய்யிற மிசின் ஒண்டு கண்டுபிடிச்சிட்டான் எண்டு முடிவு கட்டினன். அவனுக்குக் கமகம் எண்டால் என்னெண்டே தெரியாது. எனக்குக் கித்தார் எண்டால் என்னெண்டு தெரியாது. பொருத்தம் சரி.

கமகமோ? எப்பிடிச் சொல்லுறது... பள்ளியிலை பாங்கு சொல்லுறவர் ஒரு எழுத்தை இழுத்து, அசைச்சு, அப்பிடியே மெல்லக் கொண்டுபோய் இறக்குவாரெல்லோ, அந்த அசைவு. கோவிக்காதேங்கோ, பாங்கைப் பாட்டு எண்டு சொல்லேல்லை, அசைவைத்தான் சொன்னன். எங்கடை சங்கீதத்துக்கு அதுதான் உயிர். அதிலையும் தோடி எண்டொரு ராகம் கிடக்கு. அதிலை காந்தாரம் எண்ட சுரம் ஒரு இடத்திலை நிக்கவே படாது, ஆடிக்கொண்டே இருக்கோணும். நான் கனகாலமாப் பிடில் வாசிக்கிறன். ஊர் உலகத்திலை எல்லாருக்கும் ஆடுற காந்தாரம், என்ரை விரலுக்குக் கீழை மட்டும் தபால்பெட்டி மாதிரி நட்டுக்கொண்டு நிக்கும்.

இதை முதல் முதல் எனக்குச் சொன்னது ஆர் எண்டு நினைக்கிறியள்? என்ரை மனுசி. மங்களேஸ்வரி சங்கீதத்தை முறையாப் படிச்சவ. வண்ணார்பண்ணையிலை அவவின்ரை தேப்பன் இந்தியாவிலை இருந்து ஒரு பாகவதரைக் கூப்பிட்டு, வீட்டிலையே வைச்சிருந்து பழக்கினவர். அவ்வளவையும் படிச்சுப்போட்டு அவவுக்கு வாய்ச்சது நான். கலியாணம் முடிஞ்ச கிழமையே, புதுப் பொம்பிளையை மயக்குவம் எண்டு பிடிலை எடுத்து ஒரு கீர்த்தனை முழுசா வாசிச்சு முடிச்சன். அவ மரியாதையாக் கேட்டுக்கொண்டிருந்துபோட்டுக் கேட்டா, சுருதி சேத்து முடிஞ்சுதோ, இனி எப்ப வாசிக்கப் போறியள் எண்டு.

சிரியுங்கோ, சிரியுங்கோ. இதுக்குச் சிரிக்கத்தான் வேணும்.

அண்டையிலை இருந்து தினமும் பேச்சுத்தான். நான் முன் அறையிலை இருந்து வாசிப்பன், அவ குசினிக்குள்ளை தேங்காய் துருவிக்கொண்டிருப்பா. பஞ்சமம் இறங்கிக் கிடக்கு எண்டு அங்கையிருந்து ஒரு சத்தம் வரும். நிஷாதத்தை என்னத்துக்கு நெரிக்கிறியள் எண்டு அடுத்தது. வில்லைப் பிடிச்சிருக்கிறியளோ, அகப்பையைப் பிடிச்சிருக்கிறியளோ? எனக்கு அவ்வளவு கோவம் வரும். ஒரு மனுசன் கந்தோராலை களைச்சு வந்து, தன்ரை வீட்டிலை, தன்ரை பிடிலை, தன்ரை பாட்டிலை பிழையா வாசிக்க உரிமை இல்லையோ?

ஆனா கேளுங்கோ, இப்ப ஒண்டரை ரெண்டு வருஷமா அந்தப் பேச்சு நிண்டுபோச்சு. ஒரு சொல்லு இல்லை. நான் வாசிக்கிறன், அவ பேசாமல் தேங்காய் துருவுறா. முதல் நான் நம்பேல்லை. வேணுமெண்டே ஒரு நாள் பிழையா வாசிச்சுப் பாத்தன். அதுக்கும் பேச்சில்லை. அப்ப நான் என்ன நினைப்பன்? எனக்குக் கை வந்திட்டுது. பிழை விட்டாலும் அதிலை ஒரு அழகு வந்திட்டுது எண்டு நினைச்சன் நானா, சத்தியமா. அந்தத் துணிவிலை கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் பஜனையிலை முன்னுக்குப் போயிருந்து வாசிச்சன். அண்டைக்குப் பஜனை வழமையிலும் பாக்கக் கெதியா முடிஞ்சுது. மழை வரப்போகுது எண்டு முடிச்சிட்டினம் எண்டு நினைச்சன்.

இன்னும் இருக்கு. முந்தியெல்லாம் நான் கதைக்கேக்கை அவ முதுகைக் காட்டிக்கொண்டு தன்ரை வேலையைப் பாப்பா. இப்ப அப்பிடி இல்லை. நான் வாயைத் திறந்தால் எல்லாத்தையும் வைச்சுப்போட்டு வந்து, முன்னாலை இருந்து, என்ரை முகத்தையே பாத்துக்கொண்டிருப்பா. மீசையைக் கொஞ்சம் ஒட்டக் கத்தரியுங்கோ எண்டும் ஒரு நாள் சொன்னா. இந்த வயதிலை என்னிலை என்ன வடிவைக் கண்டா எண்டு கண்ணாடியிலை போய்ப் பாத்தன். அங்கை பழைய ஆள்தான் நிண்டவன். எண்டாலும் பெண்சாதிக்குத் தெரியிறது கண்ணாடிக்குத் தெரியுமோ எண்டு போட்டுக் கத்தரிச்சன்.

இப்ப விளங்குதோ எந்த நிலையிலை நான் உங்கடை கடைக்குள்ளை வந்தனான் எண்டு? இவ்வளவும் வந்திட்டுது, இனிக் காந்தாரம் ஒண்டுதான் பாக்கி. அதை இந்தப் பிடியாலை ஆட்டிப்போட்டனெண்டால், நல்லாயிருக்கு எண்டு மங்களேஸ்வரியின்ரை வாயாலை ஒருக்காக் கேட்டிடுவன். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் உங்களிட்டைக் கெஞ்சி, பாத்துப்போட்டுச் சொல்லுறன் எண்டு கொண்டுபோனது.

சரி, கொண்டுபோய் என்ன நடந்தது எண்டு கேளுங்கோ. போன வருஷம் லண்டனிலை நடந்த முடிசூட்டு விழாவுக்கு இஞ்சை ஊரெல்லாம் லைற் போட்ட நேரம்தான் எங்கடை ஒழுங்கைக்கும் கம்பி இழுத்தவங்கள். முன் அறையிலை ஒரேயொரு பல்பு. அதைக் கழட்டிப்போட்டு அந்த ஓட்டையிலைதான் வயரைக் கொழுவோணும். மேசைக்கு மேலை கதிரையை வைச்சு ஏறிக் கொழுவிப்போட்டு இறங்கி, சீமெந்து நிலத்திலை சப்பாணி கட்டி இருந்தன். கதிரையிலை இருந்து தோடி வாசிக்கேலுமோ? மடியிலை கித்தாரை வைச்சுத் தந்தியைத் தொட்டன். சுள்ளெண்டு ஒரு அடி! முழங்கை மட்டும் விறைச்சுப்போச்சு. துரை இதை வாசிக்கேக்கை சப்பாத்துப் போட்டிருந்திருப்பார். நான் வேட்டியோடை வெறுங்காலோடை, அதுவும் இப்பத்தான் கழுவின நிலத்திலை. பிறகு பாயைப் போட்டு, பாய்க்கு மேலை பலகையைப் போட்டு ஏறி இருந்தன். சத்தப்பெட்டிக்குள்ளை குழாய்க் குழாயாப் பல்பு கிடக்கு, அது சிவந்து வரும் மட்டும் சோறு வேகிறதைப் பாக்கிற மாதிரிப் பாத்துக்கொண்டிருக்கோணும்.

அவங்கள் கித்தாருக்கு ஏதோ ஒரு முறையிலை சுருதி வைக்கிறவங்களாம். நான் அந்தப் பக்கமே போகேல்லை. சட்சம் பஞ்சமம் எண்டு எங்கடை முறையிலை முறுக்கி, ரெண்டு தந்தியைத் தம்புராவுக்கு எண்டு விட்டிட்டன். அதை மீட்டிக்கொண்டு தோடியைத் துவங்கி, காந்தாரத்திலை போய் நிண்டு, பிடியை அமத்தினன். ஆடிச்சுது நானா! என்ரை சீவியத்திலை முதல் முதல் என்ரை காந்தாரம் ஆடிச்சுது. ஆனா அதோடை சேந்து தம்புராவும் ஆடிச்சுது. பிடி ஒண்டு, குதிரை ஒண்டு, ஆறு தந்தியும் ஒண்டா இறங்கி ஒண்டா ஏறுது. சட்சமே ஆடத் துவங்கினால் பிறகு எதைப் பிடிச்சுக்கொண்டு வாசிக்கிறது? வீடு ஆடுது எண்டு தூணைக் கட்டிப்பிடிச்சால் தூணும் சேந்து ஆடின கதைதான்.

அது போகட்டும். பிடியை விட்டால் தந்தி பழைய இடத்துக்குத் திரும்பி வரவேணுமெல்லோ? வராது. கொஞ்சம் கீழைதான் வந்து நிக்கும். திரும்ப முறுக்கு, திரும்ப அமத்து, திரும்ப இறங்கும். ஒரு ராகம் வாசிச்சு முடிய ஒன்பது தரம் சுருதி சேத்தன். போதாக்குறைக்கு, பக்கத்து வீட்டு மூக்கையா பால்ச் செம்போடை ஓடி வந்திட்டான். என்னங்கய்யா சத்தம் இது, மாடு கறக்க விடமாட்டேங்குதுங்க, காலைத் தூக்கித் தூக்கி உதைக்குதுங்க எண்டு நிண்டான். தோடி எண்டு சொன்னன். அது எதுவா இருந்தாலும் கறந்து முடிஞ்ச பொறகு வச்சுக்கங்க எண்டான்.

ஓம், நீங்கள் சொல்லுறது சரி. கொஞ்சம் எண்டாலும் மூளை உள்ளவன் அப்பவே திருப்பிக் குடுத்திருப்பான். நானும் அப்பிடித்தான் நினைச்சன். பறங்கிக்காரர் கொண்டுபோகட்டும், கிளப்பிலை கட்டிப்பிடிச்சு ஆடுற ஆக்களுக்குச் சுருதி ஆடினால் என்ன, நிண்டால் என்ன. நேற்றுப் பின்னேரம் கந்தோராலை வந்து, குடுக்க முதல் கடைசியா ஒருக்கா எண்டு எடுத்தன். நல்ல மழை. என்ரை கையிலை எனக்கே கோவம். மழைக்கு மேலாலை கேக்கட்டும் எண்டு சத்தப்பெட்டிக் குமிழைக் கடைசி மட்டும் திருகிப்போட்டு, பிடியைப் போட்டு அமத்து அமத்தெண்டு அமத்தினன். தந்தி எல்லாம் இறங்கிப் போச்சு. இறங்கினாப் போகட்டும் எண்டு அப்பிடியே வாசிச்சுக்கொண்டு போறன்.

குசினிக்குள்ளை இருந்து ஒரு சத்தம். பஞ்சமம் இறங்கிப்போச்சு, சுருதியைச் சேத்துப்போட்டு வாசியுங்கோ!

எனக்கு வந்த கோவத்தைக் கேளாதேங்கோ. ஒரு குறையும் சொல்லாமல் இருந்த மனுசி, நான் தோத்துப்போய் நிக்கிற நாளாப் பாத்துத் துவங்கிறா எண்டு நினைச்சன். கித்தாரை வைச்சுப்போட்டு எழும்பிக் குசினி வாசலிலை போய் நிண்டன். அவ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திருவலையிலை இருக்கிறா. ஒரு பாட்டம் கத்தினன். இவ்வளவு காலமும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனீர், இண்டைக்கு உமக்கு என்ன வந்தது எண்டன். உம்மடை பாகவதர் வந்தாலும் இந்தக் குதிரையிலை சுருதி நிக்காது எண்டன். அவ பாட்டுக்குத் துருவுறா. திரும்பிக்கூடப் பாக்கேல்லை. இவ்வளவு திமிரோ எண்டு போய்த் தோளிலை கையை வைச்சன். மனுசி துள்ளி விழுந்தா. தேங்காய்ப் பாதி உருண்டு போய்க் கதவிலை அடிபட்டு நிண்டுது. நான் அங்கை வந்து நிண்டதே அவவுக்குத் தெரியாது நானா.

ஓம். காதுதான். கொஞ்சங் கொஞ்சமாப் போய், இப்ப பக்கத்திலை நிண்டு கதைச்சாலும் விளங்கிறேல்லையாம். தமக்கையோடை போய் டொக்டருக்கும் காட்டினவையாம், இனித் திரும்பி வராது எண்டு சொல்லிப்போட்டினமாம். நான் கந்தோரிலை பக்கத்து மேசையிலை அடிக்கிறதிலை ஒரு எழுத்துப் பிசகினாலும் பிடிக்கிற காது எண்டு பேரெடுத்தவன். என்ரை பிடில் திருந்தினது எப்பிடி எண்டு இப்ப விளங்குதோ? நேற்றுச் சத்தப்பெட்டி முழுச் சத்தத்திலை அலறினதாலைதான் அது மட்டும் அவவின்ரை காதுக்குள்ளை போயிருக்கு.

ஏன் சொல்லேல்லை எண்டு கேட்டன் தானே. முகத்தைப் பாத்து, மெல்ல, வாயை நல்லாத் திறந்து கேட்டன். கனதரம் சொல்ல வெளிக்கிட்டனான், நீங்கள் கதைச்சு முடியேல்லை எண்டா. கோவமாக்கூடச் சொல்லேல்லை. பிறகு நானும் பழகிட்டன், உங்களுக்கு மறுமொழி தேவைப்படுறேல்லைத்தானே எண்டா.  

மீசையோ? ஓம், வழிச்சுப்போட்டன், இண்டைக்கு விடியத்தான். வந்ததிலை இருந்து நீங்கள் பாக்கிறியள் எண்டும் தெரியும். கத்தரிச்சது காணாது போலை இருந்தது, என்ரை வாய் அசையிறது அவவுக்கு நல்லாத் தெரியட்டும் எண்டுதான் முழுசா எடுத்தன்.

பிறகென்ன, அவ கையைக் கழுவிப்போட்டு வந்து சத்தப்பெட்டிக்குப் பக்கத்திலை பாயிலை இருந்தா. பெட்டியிலை கையை வைச்சுக்கொண்டு, இன்னொருக்கா வாசியுங்கோ எண்டா. வாசிச்சன். சங்கீதம் கேட்டு ரெண்டு வருஷம், முதல் கிடைச்சது என்ரை தோடி, பாவம். ஆனா விடேல்லை நானா, ஒண்டையும் விடேல்லை. பஞ்சமத்தைச் சொன்னா, காந்தாரத்தைச் சொன்னா, மாடு மிரண்டதிலை என்ன பிழை எண்டு கேட்டா, இந்தக் கையை வைச்சுக்கொண்டு கோயிலிலை வேறை வாசிச்சனீங்களோ எண்டு தலையிலை கையை வைச்சா. அவ பேசப் பேச எனக்குக் கண்ணாலை தண்ணி வந்துகொண்டே இருந்தது. நல்லாயிருக்கு எண்டு ஒரு சொல்லுக் கேக்கத்தானே ஆசைப்பட்டனான். அது கிடைக்கேல்லை. ஆனா அப்பிடி ஒரு சந்தோசம் எனக்குக் கலியாண நாளிலைகூட இருக்கேல்லை.

என்ன? உங்களுக்குத் தெரிஞ்ச ஆசாரி இருக்கிறாரோ? பிடியைக் கழட்டிப்போட்டு, குதிரையை ஆடாமல் இறுக்கித் தருவாரோ? பெரிய உபகாரம் நானா, ஆனா அதிலை ஆரும் கை வைக்கப்படாது. சுருதி அசையாமல் நிண்டுதெண்டால் பிறகு அவவுக்கு என்னத்தைச் சொல்லுறது? நீங்கள் சொன்ன விலைதான், நான் குறைக்கச் சொல்லிக் கேக்கேல்லை. பறங்கிக்காரர் வந்தால் வித்தாச்சு எண்டு சொல்லிப்போடுங்கோ. மூக்கையாவிட்டையும் மாட்டை அங்காலை கொண்டுபோய்க் கட்டச் சொல்லிப்போட்டன்.

சரி, பாங்கு சொல்லப் போகுது, நீங்கள் பூட்டுங்கோ. நானும் கெதியாப் போகோணும், இண்டைக்கு அரைநாள் லீவு. வெளிக்கிடேக்கை பிடியை நல்லா ஆட்டிப்போட்டு, சுருதி சேக்காமல்தான் வைச்சிட்டு வந்தனான்.